எந்த வழியில் வந்த சர்க்கரை

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் நாத்தனார் மகள். நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அஞ்சையும் ஆளாக்கி, கட்டிக்கொடுத்து, வீட்டுக்காரரையும் வழியனுப்பிவிட்டு, பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் என் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். பின்னால் கொஞ்சம் தென்னை, ஒரு மாடு. ஒரு டம்ளர் தண்ணி கொண்டா என்று இதுவரைக்கும் யாரிடமும் நான் கேட்டதில்லை. படித்தது ரெண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் என்ன, எனக்கு அவசரம் இல்லை.

போன வருசம் கோடையில் தாகம் பிடித்தது. வெயில்தானே என்று இருந்தேன். வெயில் போன பிறகும் குடம் குடமாகக் குடித்தேன், குடித்ததெல்லாம் ஒண்ணுக்காகப் போனது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஏலக்காட்டு வேலைக்குப் போய் வருகிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். ஒருநாள் தெருவில் நின்றபடியே கேட்டாள்.

“என்னக்கா, மகன் பணம் அனுப்பலையா? கழுத்தெலும்பு ரெண்டுலயும் ஆழாக்கு அரிசி கொட்டலாம் போலருக்கே?”

“உன் கண்ணுக்குத் தப்பி எலும்பு எங்கன போகும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் மறுநாள் மாட்டை அவிழ்க்கும்போது கண் இருட்டி, கயித்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாவது மகளுக்குப் போன் போட்டேன். அவள் அல்லிநகரத்தில் இருக்கிறாள், துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுப் போனாள். சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது.

ஊருக்குள் யாரும் நம்பவில்லை. “ஒடிசலா இருக்க உனக்கா சுகரு? உக்காந்து திங்கிறவகளுக்குல்ல வரும்?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆத்திரமாகவும் இருந்தது. வெயிலில் நின்று களையெடுத்த உடம்பு இது. சரி, வந்துவிட்டது, வாயைக் கட்டினால் அடங்கும் என்று கட்டினேன். சோத்தைக் குறைத்துக் கேப்பைக்களி, கொள்ளு, கீரை. ஆவாரம்பூவை எதிர்வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள், அதையும் காய்ச்சிக் குடித்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடவில்லை. எல்லாம் செய்தும் எண் இறங்கவில்லை, என் எடைதான் இறங்கியது.

அப்புறம்தான் தேனியில் சர்க்கரைக்கு என்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் மகள் கூட்டிப்போனாள். சின்ன வயசு. கோயம்புத்தூர்ப் பக்கம். முகம் பார்த்துப் பேசுகிறவுக. என்னை எடை மிஷினில் ஏறி நிற்கச் சொன்னாக, நாக்கைப் பார்த்தாக, பாதத்தைத் தடவிப் பார்த்தாக. பிறகு சொன்னாக: “பாட்டி, உங்களுக்குச் சுகர் இருக்குங்கிறதுல சந்தேகமில்ல. அது எந்த வகைன்னுதான் தெரியல.”

சர்க்கரையில் வகை உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஏதேதோ படம் போட்டுக் காட்டினாக. நான் எனக்குப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். உடம்பில் சுரக்கிற இன்சுலின்தான் தண்ணி. ரெண்டாம் வகை என்றால் கிணத்தில் தண்ணி இருக்கிறது, வாய்க்காலில்தான் ஏறமாட்டேன் என்கிறது. மாத்திரை போட்டு வாய்க்காலைச் செதுக்கலாம். ஒண்ணாம் வகை என்றால் கிணறே தூர்ந்துபோகிறது. அதற்கு வெளியில் இருந்துதான் தண்ணி ஊத்த வேண்டும், அதுதான் ஊசி. அது அநேகமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு வருவதாம். ஆனால் என்னை மாதிரி வயசானவர்களுக்கும் மெல்ல மெல்ல வருவது உண்டாம்.

அப்போது மகள் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். டாக்டரம்மா என்னிடம் கேட்டாக: “உங்க குடும்பத்துல யாருக்காவது சுகர் இருந்துச்சா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, அவங்களுக்கு முன்னால இருந்தவங்க?”

“எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது. எல்லாரும் கல்லு மாதிரி இருந்து போனவுக” என்றேன், தலையை நிமிர்த்தித்தான்.

அதை எழுதிக்கொண்டாக. ஒல்லி உடம்பு, மாத்திரைக்கு அடங்கவில்லை, வம்சத்தில் யாருக்கும் இல்லை. இத்தனையும் சேர்ந்தால் ஒண்ணாம் வகையாக இருக்கலாம் என்றாக. வயித்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கெட்டது ஒன்றும் இல்லை. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினாக. முடிவு வருகிறவரைக்கும் ராத்திரி ஒரு ஊசி என்று பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்தாக. அதுவரைக்கும் மகளே என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு போட்டுவிட்டாள்.

ஊசி என்ற சொல் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியவன் அங்கே பனியன் கம்பெனியில் மேஸ்திரி. போனில் வந்தான்.

“மாத்திரைன்னா பரவாயில்லம்மா. ஊசின்னா எப்படித் தனியா இருப்ப? சுகர் இறங்கிக் கிடந்தா யாருக்குத் தெரியும்? மாட்டை வித்துரு. வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“முடிவு வரட்டும்டா.”

“ஒண்ணாம் வகைன்னு வந்துருச்சுன்னா பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்.”

அவன் வீடு மூணாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ஒரு தீபாவளிக்குப் போய் இருந்தேன். மருமகள் நல்லவள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அங்கே நான் என் கையால் ஒரு கதவைத் திறந்து மூட ஆயிரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆக எனக்கு எது வந்தாலும் ரெண்டாவதாக வரட்டும் என்று சாமி கும்பிட்டேன். நோய் வேண்டாம் என்று கும்பிடுவார்கள், நான் ரெண்டாம் நம்பர் நோய் வேண்டும் என்று கும்பிட்டேன்.

முடிவு வந்ததும் போனோம். இந்தத் தடவை மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக.

“ஒரு டெஸ்ட் லேசா ஒண்ணாம் வகைப் பக்கம் கை காட்டுது பாட்டி. ரொம்ப லேசா. இன்னொண்ணு, இன்சுலின் இன்னும் ஓரளவு சுரக்குதுன்னு சொல்லுது. நடுவுல நிக்குது. திரும்பவும் கேக்குறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குடும்பத்துல யாருக்கும் இல்லையா?”

“யோசிக்க என்ன இருக்கு? இல்லைன்னா இல்லைதான்.”

மகள் என் பக்கம் திரும்பினாள். “ஏன் அத்தை, அம்மாச்சிக்கு இருந்துச்சுல்ல? கால்ல புண்ணு ஆறாமயே கிடந்தாகன்னு நீதானே சொல்லுவ?”

“அது என் மாமியாருடி. இவுக கேக்குறது எங்க வீட்டைப் பத்தி.”

“மாமியார் கணக்குல வராதும்மா” என்று டாக்டரம்மாவும் அவளிடம் சொன்னாக. “ரத்த சொந்தம்தான் வேணும்.”

“ரத்தம்தான் டாக்டர்!” என்றாள் இவள். “அவுக எனக்கு அம்மாச்சி. இவுகளுக்கும் அம்மாச்சிதான், அம்மாவைப் பெத்தவுக. இவுக சொந்தத் தாய்மாமனைத்தான் கட்டியிருக்காக.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாக. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாக. “எங்க பாட்டியும் மாமனைக் கட்டினவங்கதான். எனக்கே கேக்கத் தோணல பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாமனைக் கட்டினவளுக்கு அது எப்படி என்று தெரியும். அம்மாச்சியாக இருந்தவரைக்கும் என்னை மடியில் போட்டு ஈர் உருவினாக. தாலி ஏறின மறுநாள் ஆட்டுக்கல்லைக் காட்டினாக. பழைய பழக்கத்தில் அம்மாச்சி என்று கூப்பிட்டேன். “இனிமே அத்தைன்னு கூப்பிடு. இல்லாட்டி வீட்டுக்குள்ள மட்டு மரியாதை இருக்காது” என்றாக. அன்றைக்கு விட்டதுதான். அவுக போகிறவரைக்கும் அத்தைதான், மாமியார்தான். என் அம்மாவே ஊருக்கு வந்தால், “உன் மாமியா சாப்பிட்டாகளா?” என்று என்னிடம் கேட்கும், தன்னைப் பெத்தவளைப் பற்றி. அப்படி இருந்துவிட்ட பிறகு, எங்கள் வீட்டில் யாருக்கு என்று கேட்டால் அவுக முகம் எனக்கு எப்படி ஞாபகம் வரும்? இடுப்பில் தூக்கிவந்தேனே இவள், இவளுடைய அம்மா எனக்கு நாத்தனார் மட்டும் இல்லை, என் சித்தியும்தான். அதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நினைத்துக்கொண்டேன்.

அதோடு இன்னொன்றும் உண்டு. அவுக சாயல் எனக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆகாது.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாக. “அவங்களுக்குச் சுகர்தான்னு எப்படித் தெரியும்?”

“கம்பவுண்டர் ஒருத்தர் இருந்தாரு. மூத்திரத்துல நீல மருந்தைக் கலந்து கண்ணாடிக் குழாயில காய்ச்சினாரு. செங்கல் நிறத்துக்கு வந்துருச்சு. அதுக்கு முன்னாடியே அவுக ஒண்ணுக்கு இருந்த இடத்துல எறும்பு மொய்க்கும்.”

“குண்டா இருந்தாங்களா?”

சொல்ல மனசில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னை மாதிரிதான். ஒடிசல்” என்றேன்.

“ஊசி போட்டாங்களா?”

“ஊசியாவது ஒண்ணாவது. ஒரு மாத்திரை, அதுவும் ஞாபகம் வந்தா. காப்பிக்குக் கருப்பட்டியை நிறுத்தச் சொன்னதுக்கு என்னைய வஞ்சுக்கிட்டே பல வருசம் இருந்தாக. மக்க, பேரமக்க கல்யாணமெல்லாம் பாத்துட்டுத்தான் போனாக.”

“ஊசி இல்லாம அத்தனை வருஷம்னா, அவங்களுது ரெண்டாம் வகைதான்” என்றாக. முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாக. “இப்ப உங்களுதும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுது. ஆனா முடிவாச் சொல்ல மாட்டேன் பாட்டி. ஒருத்தருக்கு வம்சமும் இருக்கலாம், இதுவும் சேர்ந்து வரலாம். ஆறு மாசம் கழிச்சு சுரப்பு எவ்வளவு இருக்குன்னு திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் மாத்திரையும் போடுங்க, ராத்திரி ஒரு ஊசியும் போடுங்க. நிறுத்திடாதீங்க.”

“அப்ப ஊருல கேட்டா எதுன்னு சொல்றது?”

“சுகர்னு சொல்லுங்க.”

வெளியே வந்ததும் மகனுக்கு என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. ஒண்ணும் இல்லை, ரெண்டும் இல்லை, ஊசி மட்டும் உண்டு. நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகையைக் கும்பிட்டு என்ன பிரயோசனம்? இங்கேயே இருக்க வேண்டும் என்றால் ஊசியைத்தான் கத்துக்கொள்ள வேண்டும். திரும்ப உள்ளே போய் நர்ஸ் பிள்ளையிடம் சொல்லிக்கொடு ஆத்தா என்றேன். அளவைத் திருகி வைத்து, தொப்புளுக்குத் தள்ளிப் பிடித்துக் குத்தி, பத்து எண்ணி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். மாட்டுக்கு லாடம் அடிக்கையில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு இது ஒரு வேலையா? ஃப்ரிட்ஜ் இல்லையே என்றேன். பெரிய பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையில் வைத்தாலும் தாங்கும் என்று டாக்டரம்மாவே சொன்னாக. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், உடனே சீனியை வாயில் போடு என்றாக. முந்தியில் ஒரு முடிச்சுச் சீனி எந்நேரமும் கிடக்கிறது. சுகர்க்காரி சீனியோடு அலைகிறாள் என்று எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

மகன் வரத்தான் செய்தான். பை, பெட்டி கட்டுவதற்குச் சாக்கு, எல்லாம் கொண்டு வந்திருந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் எதிரிலேயே பானையைத் திறந்து ஊசியை எடுத்தேன். சேலையை ஒதுக்கிக் குத்தினேன். எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அவன் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சின்னதிலேயே ஊசி என்றால் புளியமரத்தில் ஏறிக்கொள்கிறவன்.

“அங்கன வந்தா நீயாடா எனக்குப் போட்டுவிடுவ?” என்றேன்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போல. “ஏலே, காலையில உங்கம்மா வாசத் தெளிச்சிருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். தெளிக்கலைன்னா கதவை உடைக்க நான் இருக்கேன். நீ பேசாம சோத்தைத் தின்னுட்டு பஸ் ஏறு” என்றாள். அவளை எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு ஒரு சொம்பு பால் கொடுத்தேன்.

அவன் சாக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். ஆறு மாசப் பரிசோதனை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறான். பேசட்டும். இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ரவிக்கை தோளில் நிற்கிறது. கிணறு தூர்கிறதா, வாய்க்கால்தான் அடைபட்டிருக்கிறதா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதியது என் பேரப்பிள்ளைகளுக்காக. உங்க வீட்டில் யாருக்கு இருந்தது என்று நாளைக்கு அவர்களையும் ஒரு டாக்டர் கேட்பாக. அஞ்சாவது மகளுடைய மகள் ஞாயித்துக்கிழமை வந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். அந்தப் போனைக் கீழே வை ஆத்தா. என் எழுத்து உனக்குப் புரிகிறதா பார். முதலில் இருந்து சத்தமாக வாசி. ஆரம்பத்திலேயே நாத்தனார் என்று ஒரு இடம் வரும், அங்கே நிறுத்து. உன் அம்மாச்சிதான் அது. சித்தி என்றும் பக்கத்தில் சேர்த்து எழுத வேண்டும்.