என் விரலுக்குப் பூட்டிய விசை

மண்ணெண்ணெயும் சாம்பிராணியும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் பட்டால், வளைகுடாவில் புஜைரா மலையடிவாரத்துப் பேரீச்சந்தோட்டம் ஒன்றின் பம்புசெட் கொட்டகையும், அதற்குள் சம்மணம் போட்டு மடியில் ஒரு துப்பாக்கியைப் பிள்ளைபோலக் கிடத்தியிருந்த அப்பாவும் என் கண்முன் வந்துவிடுகிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றிருந்தது. அப்பா அந்தத் தோட்டத்தில் பம்பு பார்த்தார், எந்த இரும்பையும் கழற்றிப் பூட்டிவிடுவார், அம்மா தோட்டக்காரர் வீட்டில் சமைத்தாள், நான் அவருடைய பேரப்பிள்ளைகளோடு வாய்க்கால் தண்ணீரில் கிடந்து, யாரும் சொல்லித்தராமலே அரபி பேசக் கற்றுக்கொண்டேன்.

தோட்டக்காரரை 'அர்பாப்' என்போம், முதலாளி என்று அர்த்தம். எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் 'கஃபீல்', விசாவுக்குப் பொறுப்பாளி. என் விசா அந்த ஆண்டு முடியவிருந்தது. அவர் புதுப்பித்துத் தந்தால் நான் அம்மா அப்பாவோடு இருப்பேன், இல்லாவிட்டால் ஊரில் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காக அம்மா பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, புரட்டாசி முழுக்க ஒருவேளைச் சாப்பாடு என்று தொடங்கினாள். கறி, மீன் எங்கள் அறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம்.

துப்பாக்கி வந்ததும் அந்தப் புரட்டாசியில்தான். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனது, அர்பாபின் தகப்பனார் காலத்திலிருந்து மலைவேட்டைக்குப் போய்வந்தது. சாம்பிராணிப் புகை ஏறிய கம்பளியில் அதைச் சுற்றிக் கொண்டுவந்தார் அர்பாப். விசை தேய்ந்து இறுகிக் கிடந்தது, அவருடைய விரலோ நடுங்கத் தொடங்கியிருந்தது. சுவரில் மாட்டிவிட்டு ஓய்வெடுங்கள் என்று மகன்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவரை உறுத்தியிருக்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் விற்கும் ஓமான் சந்தையில் வாங்கிய வேறொரு விசையை அப்பாவின் கையில் வைத்து, "புக்ரா" என்றார். நாளைக்கு என்று அர்த்தம், ஆனால் அது எந்த நாளாகவும் இருக்கலாம்.

அப்பாவுக்கு அந்தப் புது விசையைப் பொருத்தப் பல பகல்கள் பிடித்தன. வெயில் ஓலைகளுக்கிடையே சல்லடையாய் இறங்கும், பம்பு தூங்குகிறவனைப்போல ஒரே தாளத்தில் மூச்சுவிடும், அரத்தின் கீச்சொலி நின்று நின்று வரும். ஒவ்வொரு தடவையும் தோட்டா இல்லாத அந்தத் துப்பாக்கியை என்னிடம் நீட்டுவார்.

"இழுல. உன் விரலு இழுத்தா அவரு விரலும் இழுக்கும்."

முதலில் என் விரல் சிவந்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் தொடுவதற்கு முன்பே 'டக்' என்றது. "இது தும்முனாலே வெடிக்கும்ல" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார். கடைசியில் அது பழுத்த பேரீச்சம்பழத்தை நசுக்குவதுபோல மெதுவாக, ஆனால் உறுதியாக இறங்கியது. குழல் அசையவில்லை. அப்பா பீடி பற்றவைத்தார்.

மலைக்குப் போன அர்பாப் ஒரு ஆட்டோடு திரும்பினார். காட்டு ஆடு என்றார் அவர். தோட்டத்து மந்தையிலிருந்து ஓடிப்போன ஆடுதான், மணிக்கயிற்றின் தடம்கூடக் கழுத்தில் இருக்கிறது என்றார்கள் மகன்கள். அவர் காதில் வாங்கவில்லை. வேட்டையின் முதல் பங்கு துப்பாக்கியைச் சரிசெய்தவனுக்கு. ரத்தம் சொட்டும் ஒரு தொடையோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

அம்மா உள்ளேயே நின்றாள். அப்பாவுக்குத் தெரிந்த அரபி மூன்று சொற்கள்: நல்லதுக்கு ஜேன், இல்லைக்கு மாஃபி, நாளைக்கு புக்ரா. கஃபீல் தன் கையால் தரும் வேட்டைப் பங்குக்கு 'மாஃபி', வேண்டாம், என்று எப்படிச் சொல்வது? வாங்கினால் அம்மாவின் நேர்ச்சை போகும், வாங்காவிட்டால் என் விசா போகும். அப்பா நீட்டிய கைகள் பாதியில் நின்றன. நான்தான் அரபியில் சொன்னேன், அம்மா நோன்பு இருக்கிறாள், இந்த மாதம் முடியும்வரை கறி கூடாது என்று.

அர்பாபின் முகம் மாறியது. நோன்பு என்றால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறை பார்த்து முடிப்பீர்களா என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா என்ன ஏதென்று புரியாமல் பயத்தில் பலமாகத் தலையாட்டிவிட்டார். அர்பாப் தொடையைத் திருப்பி எடுத்துப்போய்த் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து, ஒரு மாலையில், மலைமுகட்டுக்கு மேல் நகக்கீறல்போலப் பிறை. அது இறங்குவதற்குள் அர்பாப் வந்துவிட்டார். ஒரு கையில் பனி உருகிச் சொட்டும் தொடை, இன்னொரு கையில் விசா அடித்த என் பாஸ்போர்ட். "கலாஸ், நோன்பு முடிந்தது" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

காலண்டரில் புரட்டாசி இன்னும் மிச்சமிருந்தது.

"என்னட்டி செய்ய?" என்றார் அப்பா, தணிந்த குரலில்.

அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். "அவரு நெலாவப் பாத்துட்டுல்லா வந்திருக்காரு. பெருமாளுக்குத் தெரியாமலா நெலா வருது? மொளகு இருக்கான்னு பாருங்க."

இரண்டு வருடம் கழித்து அர்பாப் காலமானார். துப்பாக்கியை மகன்கள் சுவரில் மாட்டினார்கள், எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். தோட்டத்தின் மேல் இப்போது நெடுஞ்சாலை ஓடுகிறது. நான் மறுபடி வளைகுடாவுக்கு வந்து எங்கெங்கோ சுற்றி, அப்பாசியாவில் கொஞ்சகாலம் இருந்து, இப்போது ஜுபைல் ஆலைநகரில் கேம்ப் வாசம். பகலெல்லாம் ட்ரில் மெஷினின் விசையை அழுத்துவது என் வேலை, அதே விரலால். புரட்டாசி பிறந்ததும் கறியை விட்டுவிடுவேன். காலண்டரைப் பார்ப்பதில்லை. டியூட்டி முடிந்து மாலையில் கேம்ப் வாசலில் நின்று மேற்கே பார்ப்பேன். ஆலைப் புகைபோக்கியின் தீ அந்தப் பக்கத்து வானத்தையே சிவக்க வைத்திருக்கும். பிறை வந்திருந்தாலும் தெரியாது, வந்துவிட்டது என்று சொல்லவும் யாரும் வருவதில்லை.