புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

கண்காட்சித் தலைவரே, என் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் போலி என்று மைக்கில் சொன்னீர்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்கு வருகிறவர்கள்.

குன்னூரில் எங்களுக்குப் பழம்பொருள் கடை. போன கோடையில் ஊட்டியில் நடந்த பழம்பொருள் கண்காட்சிக்கு எங்கள் வீட்டுச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியைக் கொண்டுபோனேன். விற்க அல்ல, காட்ட. இங்கிலாந்தில் செய்தது. எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களோடு என் மாமனார் வாங்கியது. விசையை இழுத்தால், இரும்புத் தாடை கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் மோதும். பொறி கீழே வெடிமருந்துக் கிண்ணத்தில் விழும். இன்றைக்கும் பொறி பறக்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையாது. அப்படி ஒரு வேலை.

தலைவர் எட்டி நின்று பார்த்தார்.

"அம்மிணி, இது சினிமாவுக்குச் செஞ்சதுங்க. வெள்ளைக்காரன் குழலுக்குப் பழுப்பு நிறம் ஏத்துவான். இது எவர்சில்வர் டம்ளராட்டம் மின்னுது. திருகாணியில செவப்புப் பெயிண்ட் வேற!"

பிறகு மைக்கில் கூட்டத்தைப் பார்த்து, "கடையப் பாத்து வாங்குங்க" என்றார்.

பழுப்பு விஷயம் உண்மைதான். துரு பிடித்துக் கெடாமலிருக்க, துப்பாக்கி செய்கிறவர்களே மெல்லிய துருவை ஏற்றித் தேய்த்து நிறமாக்குவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்று ஒன்று உண்டு. தராசு, கத்தரிக்கோலோடு இந்தத் துப்பாக்கியையும் என் மாமியார் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். பழுப்பு போனது புளியால். திருகாணியில் இருந்தது குங்குமம்.

சொன்னேன். "புளிக் கதையெல்லாம் கொழம்புக்குச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

துப்பாக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். குழலுக்கு அடியில் செருகியிருந்த, மருந்து இடிக்கும் குச்சியை உருவினேன். மரத்தின் குறுக்கே போகும் சின்ன இரும்பு ஆப்பைக் கட்டை விரலால் தள்ளினேன். குழலின் பின்நுனி ஒரு கொக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்தைத் தூக்கியதும் முழுக் குழலும் கையோடு வந்துவிட்டது.

திருப்பிக் காட்டினேன். மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பக்கம் முழுக்கக் கரும்பழுப்பு. கீறல் இல்லை. முறுக்கி அடித்த இரும்பின் வரிகள் அப்படியே ஓடின. சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாக இங்கிலாந்தில் குத்திய முத்திரைகள் பக்கத்திலேயே இருந்தன.

கூட வந்திருந்த என் மாமியார் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏனுங்க, கழட்டத் தெரிஞ்சிருந்தா அடியிலயும் தேச்சிருப்பேனுங்க!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. இந்த முறை என்னோடு. சாயங்காலம் வரை என் மேசையை விட்டுக் கூட்டம் நகரவில்லை. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக் கட்டை விரல் வீங்கிவிட்டது. வீங்கட்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கண்காட்சியிலும் நின்றதில்லை.

தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இப்போது நான் குழலை மாற்றிவிட்டேன் என்று கூடலூர் வரை சொல்லித் திரிகிறாராம். மயிரிழை இடைவெளி இல்லாமல் அந்த மரத்துக்குள் உட்காரும் இன்னொரு குழலை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்து எடுத்தேன்? தலைவரே, போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து சொல்லுங்கள்: என் துப்பாக்கி அசலா, போலியா?