மூன்றாவது ஓலை

எனக்கு ஒன்பது வயதில் என் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

அம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே எங்களை விட்டுப் போனவர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விவாகரத்து ஆகிப் பல வருஷமாகியிருந்தது. ஆனால் நாங்கள் கத்தோலிக்கர்கள். கோர்ட்டு பிரித்துவிட்டாலும் கோயில் பிரிந்ததாக எடுத்துக்கொள்ளாது. மறுபடி கல்யாணம் என்றால், பழைய கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மதுரையில் குருமார் விசாரித்துச் சொல்லவேண்டும். அதற்காக அம்மா நெடுநாள் அலைந்தாள். சம்மதிக்காவிட்டால் மருந்தைக் குடித்துவிடுவேன் என்று தாத்தா மிரட்டித்தான் அவளை மணவறையில் நிறுத்தினார் என்று பெரியம்மா போய்ச் சாட்சி சொன்னாள். கடைசியில் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம், “அந்தக் கல்யாணமே நடக்கல, அம்புட்டுதான். கோயில்லயே சொல்லிட்டாக” என்றாள்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் பென்சிலைக் கீழே வைத்தேன். நடக்காத கல்யாணத்தில் நான் எப்படிப் பிறந்தேன்? கோர்ட்டு அப்பாவை மட்டும் கழித்தது, கோயில் என்னையும் சேர்த்துக் கழித்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம்.

மாப்பிள்ளை மில்லில் எலக்ட்ரீஷியன், மனைவியை இழந்தவர். என்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், வரும்போதெல்லாம் என்ன வகுப்பு என்று கேட்பார். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் மைக்கில் சொல்வார். நடக்காத கல்யாணம் நடந்ததற்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே அத்தாட்சி நான். யாராவது என்னைக் கைகாட்டினால் போதும், எல்லாம் கெட்டுவிடும். முதல் ஞாயிறு முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். யாரோ தொண்டையைச் செருமியதற்கே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சுடவே இல்லயே. என்னட்டி செய்யுது?”

அழுகை வந்துவிட்டது. “நான் வந்தா கல்யாணம் நின்னுரும்மா. நாந்தான தடை.”

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்தாள்.

“கல்யாணத்தத்தான் செல்லாதுன்னாக. பிள்ளைய அப்படிச் சொல்ல ஒருத்தராலயும் முடியாது. அத மொதல்ல ஃபாதர்ட்ட கேட்டுட்டு, பொறவுதான் நான் மனுவே குடுத்தேன்” என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பசியும் வந்தது. அம்மா எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். பாதிப் பின்னலில் கையை நிறுத்திவிட்டு, “ஒனக்கு இதுல சம்மதந்தானா?” என்று கேட்டாள்.

“சரிம்மா. இட்லி இருக்கா?” என்றேன்.

பேச்சுக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளை ஒருவரும் எப்போதும் அப்படிக் கேட்டதில்லை என்பதும், நான் வேண்டாம் என்றிருந்தால் அன்றைக்கே போய் ஓலையை நிறுத்தச் சொல்லியிருப்பாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.