உப்பு மேட்டில் காய்ந்த கேசட்

அன்று உப்பளத்துக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். மேஸ்திரி. சுனாமி வீடு கட்ட வந்த தென்னமெரிக்காக்காரி. அவள் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த புதுச்சேரிப் பெண்.

சுனாமிக்கு அடுத்த வெயில் காலம். வெளிநாடு என்றாலும் அவள் நம்ம நிறம்தான். அளத்தைப் பார்க்க வந்தவள் காலையில் வரப்பில் வழுக்கிவிட்டாள். பை பாத்தித் தண்ணீரில் விழுந்தது. உள்ளே ஒரு கேசட். எது நனைந்தாலும் நல்ல தண்ணீரில் அலசி உப்பு மேட்டின் மேல் காயப்போடுவது எங்கள் வழக்கம். துணியெல்லாம் அரை மணியில் காய்ந்துவிடும். கேசட்டையும் அப்படியே போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மத்தியானம் எடுத்தபோது பெட்டி வளைந்திருந்தது. நாடா சுருண்டு போச்சு.

"இன்னாமே, கேசட்டா கருவாடா? வெயில்ல போட்டுக்கீறே!" என்றார் வீட்டுக்காரர். மேஸ்திரி சிரித்தார். புதுச்சேரிப் பெண் சிரிக்கவில்லை.

"அதுல இவங்க அம்மா குரல் இருந்துச்சுக்கா. அம்மா போன வருஷம் செத்துட்டாங்க. அந்த பாஷைக்கு எழுத்து கிடையாது. இப்ப அங்க அதைப் பேசறது பல்லு போன ஒரு பெரியவர்தான்."

"இவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுலயே டவுன் ஸ்கூல்ல போட்டுட்டாங்க. கேட்டா புரியும். எல்லாம் வாயில வராது."

வளைந்த கேசட்டை அவளிடம் நீட்டினேன்.

அவள் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதெல்லாம் வாயில் வருகிறது என்று பார்க்க, ஒவ்வொரு சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா பாஷையில் மொத்தம் முப்பத்தொரு சத்தமாம். சிலது மூக்கால் வந்தது. சிலது தொண்டையில் அடைத்து நின்றது. 'க' இரண்டு விதம். ஒன்று நம்முடையது மாதிரி. இன்னொன்று மூச்சை அடக்கி, வாயிலிருக்கும் காற்றை மட்டும் பட்டென்று வெடிக்க விடுவது. வீட்டுக்காரர் செய்து பார்த்தார். எச்சில்தான் தெறித்தது. அவள் கொஞ்சம் சிரித்தாள்.

மேட்டுக்கு ஒரு கூடை உப்பு வந்தால் கணக்குக்கு ஒரு கல் வைப்போம். அந்தப் பழக்கத்தில் அவள் சொன்ன சத்தத்துக்கு ஒவ்வொரு கல்லாக வைத்தேன்.

கடைசியில் இரண்டு மிச்சம். இரண்டுக்கும் நாக்கோரத்தைக் கடைவாய்ப் பல்லில் ஒட்டி, காற்றைப் பக்கவாட்டில் சீறவிட வேண்டுமாம். பல் இல்லாத பெரியவருக்கும் அது இரண்டும் வராது. கேசட்டில்தான் இருந்தது. பொழுது சாயும்வரை முயன்றாள். வரவில்லை. எழுந்து போனாள். என்னைத் திட்டவில்லை.

கல்லை எண்ணினேன்.

இருபத்தொன்பது.