பாரிஸ் படமும் பதியாத தேர்வும்

"படிக்கவா போறா? ஊரு சுத்திப் பாக்கப் போறா."

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பெரியப்பா அப்பாவிடம் இப்படிச் சொன்னார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அப்பா சிரித்து மழுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரியப்பாவுக்கான பதிலை மதிப்பெண் பட்டியலே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

ஜெர்மனியின் ஹனோவரில் முதல் பருவத்தில் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வகுப்புத் தோழிகள் இரண்டு பேருடன் பேருந்தில் பிராக், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் போனேன். பாரிஸில் நாள் முழுக்கத் தூறல். கோபுரத்தின் உச்சியை மேகம் மறைத்திருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு நடுங்கிக்கொண்டே படம் எடுத்து, பெரியப்பா பார்க்கட்டும் என்று குடும்பக் குழுவில் போட்டேன். அந்தப் பயணத்தில் நான் ஊர்களைப் பார்த்ததைவிடப் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்ததுதான் அதிகம்.

நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டு மாடியறையில். அவருடைய மகள் இங்கேயே படித்து முடித்தவள். ஜனவரி இறுதியில், சாப்பாட்டு மேசையில் அக்கா என் படங்களைப் பார்த்தார்.

"நல்ல வடிவா நிக்கிறீர். குளிர்தான் முகத்தில தெரியுது. சோதினை எப்ப?"

"அடுத்த வாரம்க்கா. நாலு பேப்பர்."

"பதிஞ்சிட்டீரோ?"

"யுனிவர்சிட்டில சேந்தப்பவே பதிஞ்சாச்சேக்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அது வேற, பிள்ளை. ஒவ்வொரு சோதினைக்கும் நீர்தான் பதியோணும். இஞ்ச ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம்."

ஊரில் எங்கள் கல்லூரி அலுவலகத்து அண்ணன் வகுப்புக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போவார். ஹால் டிக்கெட் மேசைக்கு வந்துவிடும். மாடிக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தேன். படிக்காமல் விட்ட ஜெர்மன் மின்னஞ்சல்கள் மூன்று இருந்தன. பதிவுக்கான கடைசி நாளில் நான் பாரிஸில் இருந்திருக்கிறேன். தோழிகள் கிளம்பும் முன்பே பதிந்திருந்தார்கள். எனக்கும் தெரியும் என்று நினைத்தார்களாம்.

தேர்வு அலுவலகத்தில் இருந்த பெண் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. கெடு முடிந்துவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வருட முடிவில் விசாவை நீட்டிக்க மதிப்பெண் பட்டியல் காட்ட வேண்டும். என்னுடையது வெறுமையாக இருந்தது. அடுத்த பருவத்திலும் இப்படியே போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தேர்வு நாட்களில் நான் அறையிலேயே கிடந்தேன். ஐந்தரை மணிக்கே சன்னல் இருண்டுவிடும். கடைசித் தேர்வு நடந்த அன்று அப்பா கூப்பிட்டார்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேம்பா."

"பெரியப்பாகிட்டயும் சொல்லிடறேன்."

அதன்பிறகு ரிசல்ட் வந்துவிட்டதா என்று அப்பா கேட்கும்போதெல்லாம், இங்கே மெதுவாகத்தான் திருத்துவார்கள் என்றேன். பெரியப்பா சொன்னது பலித்துவிட்டது என்பதைவிட, அதை நானே பலிக்கவைத்தேன் என்பதுதான் தாங்கவில்லை.

அடுத்த பருவத்தின் பதிவு தொடங்கிய காலையில், பல் துலக்கும் முன்பே விட்டுப்போன நான்கையும் பதிந்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாப்பிட்டியா?" என்றார் ஆலை இரைச்சலுக்கு நடுவே. பிறகு, "இப்ப பதிஞ்சதுக்குக் காயிதம் குடுத்தாங்களா?"

பதிவுச் சான்றைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். போன முறை தேர்வு எழுதவில்லை, இந்த முறை எழுதுவேன் என்று என் குரலிலேயே சொல்லி அதன் கீழே அனுப்பினேன். பெரியப்பா இன்னும் எதுவும் சொல்லவில்லை. அப்பா மறுபடி கூப்பிட்டு, அந்தத் தாளில் என் பெயர் எது என்று கேட்டார். வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.