கங்காணிக்கு அரூரில் பாடிய ஒப்பாரி

அரூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. இன்னமும் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள்: "தேயில மரம் எவ்ளோ ஒசரம் இருக்குமுங்க?" புளி மண்டியில் என்னோடு உட்கார்ந்து கொட்டை எடுக்கும் பெண்களுக்கு, காசு கொடுத்து வாங்கும் இலை என்றால் அது மரத்தில்தான் இருக்க வேண்டும். ஆள் ஏறித்தான் உலுக்க வேண்டும். இடுப்பளவுச் செடிதான் என்று கையால் காட்டினால், பாவம், சிலோனில் மரம்கூடச் சரியாக வளராது போலிருக்கிறது என்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள். முதலில் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "பனைமர ஒசரம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். சிலோனில் அட்டனுக்கு மேலே இன்னும் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்குச் சிரிப்பு வராது என்று தெரியும்.

என் அப்பா தோட்டத்தில் பெரிய கங்காணி. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அவர் கைத்தடியை நீட்டிய பக்கம் நூறு பேர் நடந்தார்கள். யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் பெயருக்கு நேரே இந்தியா என்று விழுந்தது. அம்மா முன்பே போய்விட்டாள்; எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அப்பாவையும் என்னையும் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றையும் அரூருக்கு வெளியே ஓட்டு வீட்டு வரிசை ஒன்றில் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே கங்காணி என்றால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "சிலோன் கெழவன்" என்பதோடு சரி. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கச் சொன்னவனை அடிக்கக் கை ஓங்கினார். அவன் பிடித்துத் தள்ளியதில் மண்ணெண்ணெய் டின்னோடு கீழே விழுந்து, வேட்டியெல்லாம் நாறிக்கொண்டு வீடு வந்தார். எனக்குத் தாங்கவில்லை. அவர் யாரென்று எங்காவது எழுதியாவது இருக்கட்டும் என்று ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விடியுமுன் தப்படித்து ஆளெழுப்புவது, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது, பெண்களைக் கொழுந்துச் செடிகளுக்கிடையே நிரை நிரையாக நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கின்றன. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்றார். அதையும் எழுதினேன். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

போன மாசியில் ஒரு காலை அப்பா எழுந்திருக்கவில்லை. இந்தப் பக்கத்து இழவு வீட்டில் சும்மா அழுதால் போதாது. செத்தவர் என்ன வேலை செய்தார், யாருக்குச் சோறு போட்டார், யாரை விட்டுப் போகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழவேண்டும். சொல்வதற்கு ஆளில்லாமல் பிணம் கிடந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. மண்டியில் எனக்கு எதிரே உட்காரும் மாதம்மாள், எடுத்துக் கொடுத்து அழுவதில் பேர் போனவள். கூப்பிடாமலே நாலு பெண்களோடு வந்துவிட்டாள்.

"உங்கப்பா என்னா வேல பாத்தாருன்னு சொல்லு கண்ணு. ஒண்ணுந் தெரியாம எப்பிடி அழுவறது?" என்றாள்.

நோட்டை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "தங்கமான மனுசன்" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் வட்டமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டோம். மாதம்மாள் எடுத்தாள்:

"தேயில மரமேறி — எஞ்சாமி
தெச நாலும் உலுக்குனீங்களே"

எங்கள் தோட்டத்துப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். பின்னால் நின்றிருந்த செல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. ஒரே லயத்தில் இருந்தவள். இங்கேயும் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். ஆனால் ஆறு வருடத்தில் எங்கள் வாசற்படியை மிதித்ததில்லை.

"அது மரமில்லக்கா. செடி" என்றாள்.

"எனக்கென்னாத்தா தெரியும்? தெரிஞ்சவ நீதான, வந்து எடுத்துக் குடு" என்று மாதம்மாள் எனக்கு மறுபக்கம் இடம் ஒதுக்கினாள். செல்லாயி வந்து உட்கார்ந்தாள். என் கழுத்தில் கையைப் போட்டாள். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எட்டுமாசப் பச்சப்புள்ள — எஞ்சாமி
பாலு கேட்டு அழுவுதுன்னேன்
நெஞ்சு கனத்து நோவுதுன்னேன் — எஞ்சாமி
நெரைய விட்டு எறங்காதேன்னீக"

ஒப்பாரியை நடுவில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்களுக்கு வழக்கமான அழுகைச் சத்தம்தான் கேட்டிருக்கும். வட்டத்தில் இருந்த பெண்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாதம்மாளும் அவளோடு வந்தவர்களும் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பச்சைப்பிள்ளை செத்த கதை புரியத் தேயிலைச் செடியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் பெயரைக் கிழித்துப் போட்ட பாட்டுக்கு நானும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். கழுத்தில் செல்லாயியின் கை இருந்தது.

பிணம் போனபின் மாதம்மாள் கேட்டாள்: "நோட்டுல இது இல்லியே கண்ணு?"

"விட்டுப்போச்சுக்கா" என்றேன்.

விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. அதைச் செல்லாயியின் பாட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கே அது தெரியாது. தோட்டத்தில் அப்போது எனக்குப் பதினேழு வயது. கங்காணி மகள் என்பதால் வெயிலில் நிற்காத வேலை கொடுத்திருந்தார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் வேலை. அன்று காலை செல்லாயியின் பிள்ளைக்கு உடம்பு கொதித்து, கை கால் இழுக்க ஆரம்பித்தது. மலையேறி ஓடி அப்பாவிடம் சொன்னேன். துரை பார்வையிட வருகிற நாள் அது. நிரையில் ஓர் ஆள் குறைவதை அவர் விரும்பவில்லை. "கொழுந்துக் கூட நெறையட்டும். நீ கீழ போ" என்றார். பால் கொடுக்கப் போகிறேன் என்று கேட்ட செல்லாயிக்கும் அன்று காலை அதே பதில்தான் கிடைத்திருந்தது. திரும்பும்போது செல்லாயி நிரையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். என்ன என்று முகவாயை உயர்த்திக் கேட்டாள். அப்பா பக்கத்தில் நின்றார். நான் சிரித்தேன். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்து, தூங்குகிறது என்று காட்டினேன். அவள் நிம்மதியாகக் குனிந்து கொழுந்தைக் கிள்ளினாள். நிறுவை முடிந்து அவள் இறங்கி வருமுன் பிள்ளை என் மடியிலேயே அடங்கிவிட்டது. பால் கொடுக்க விடவில்லை என்று அப்பாவை இன்றுவரை வெறுக்கிறாள். கடைசியில் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் என்று என்மேல் அவளுக்கு ஒரு பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தை நான் இத்தனை வருடமாக வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டு இங்கே பிடித்துக்கொண்டது. இழவு வீட்டில் பெண்கள் தங்கள் தங்கள் துக்கத்தைத்தான் அழுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இல்லாத தெரு எது? ஏரியூர்ப் பக்கம் ஒரு சாவில்கூடக் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். அப்பாவைப் பற்றி இந்த மண்ணில் நிற்கப்போவது இது ஒன்றுதான். நோட்டைக் காட்டு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மண்டிக்குப் பின்தெருவில் ஒரு குடியானவர் வீட்டுச் சாவு. மாதம்மாள் எனக்கு ஒரு பக்கம், செல்லாயி மறுபக்கம். மாதம்மாள்தான் எடுத்தாள். "கூட நெறையட்டும்னு சொன்னீகளே" என்பதுவரை வந்து, அடுத்த வரி மறந்து நின்றுவிட்டாள். செல்லாயி எடுத்துக் கொடுக்கும் நிலையில் இல்லை; குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பறம் என்னா கண்ணு? சொல்லேன்" என்று மாதம்மாள் என்னை உலுக்கினாள்.

வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. 'ஒங்க மக கையக் காட்டிச் சிரிச்சாளே' என்று பாடியிருக்கலாம். சொல் வாய்வரைக்கும் வந்தது. செல்லாயியின் ஈரக் கன்னம் என் தோளில் இருந்தது. எனக்குப் பதிலாக அப்பாவைப் பிடித்து முன்னே தள்ளினேன்:

"குழி நெறஞ்சி போச்சுதே — எஞ்சாமி
குழி நெறஞ்சி போச்சுதே"

இரண்டு பக்கமும் கைகள் என் கழுத்தை இறுக்கின. யாரோ ஒரு பெண் என்னைக் காட்டி இது யாரென்று கேட்டாள். "நம்ம பொண்ணுதாங்க" என்றாள் மாதம்மாள். ஆறு வருடத்தில் இந்த ஊர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.