பின்வாசல் திறந்திருந்த கேள்வி

எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் நடக்கிற எல்லாத் தப்புக்கும் காரணம் ஒன்றுதான், கவனக்குறைவு. துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. வீட்டிலும் அதையேதான் செய்தார். பால் பொங்கினால் கவனக்குறைவு, எனக்குக் காய்ச்சல் வந்தால் கவனக்குறைவு. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த அத்தை, அவருடைய ஒரே தங்கை, ஒற்றைப் பையோடு மில்லர்புரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றபோதும், "பாத்து நடந்திருக்கலாம்லா?" என்றுதான் கேட்டார்.

எனக்கானால் கொள்ளைச் சந்தோஷம். ஒற்றைப் பிள்ளை நான். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி விட்டு வந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். ஆனால் அத்தை என்னோடு விளையாட வரவில்லை. சட்டக் கல்லூரிக்கு நுழைவுத்தேர்வு எழுதப்போகிறாளாம். இடம் கிடைத்தால் ஹாஸ்டல். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் மாமா வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் அறைக்குள் அடைந்துகொண்டு படித்தாள். வீட்டில் ஆள் இருந்தும் பேச ஆளில்லை என்பது முன்னைவிட மோசமாக இருந்தது.

விடை திருத்துகிற வேலையை நானே கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அவள் மாதிரித் தேர்வு எழுதி முடித்ததும், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தப்பான விடைகளைச் சிவப்பு மையில் சுழிப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் அவள் எனக்கே எனக்கு. கெட்டிக்காரிதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எப்போது வந்தாலும் தப்பாகவே போடுவாள். அதை எனக்குத் தமிழில் சொல்லியும் காட்டியிருந்தாள்.

ஒருவரை எந்தப் பக்கமும் வெளியேற முடியாதபடி தடுத்தால்தான் அடைத்துவைத்த குற்றம் ஆகும். இது விதி. கணவன் முன்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். பின்கதவு திறந்திருப்பது மனைவிக்குத் தெரியும். அவன் செய்தது அந்தக் குற்றமா?

புத்தகம் 'இல்லை' என்றது. அத்தை 'ஆம்' என்றே போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, கேள்விய ரெண்டு தடவ வாசி. அதுல இருக்கத மட்டும் பாரு. ஒம் மனசுல இருக்கத எதுக்குக் கொண்டு வார?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு நான் பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். "பின்வாசல்தான் தொறந்து கெடக்கே அத்த. மாமா வீட்டுலயும் பின்வாசல் உண்டும்லா? நான் பாத்திருக்கேன்."

"உண்டு. அது வழியா போயி எங்கன நிக்கதுக்கு?"

"இங்கன வரலாம்லா."

"வந்தேன்ளா, முன்னால ஒரு தடவ. அன்னைக்கே ஒங்கப்பா கொண்டு விட்டுட்டு வந்தாவ. நீ பள்ளிக்கூடம் போயிருந்த" என்றாள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம் என்றேன் நான்.

தேர்வு திருநெல்வேலியில் நடந்தது. கூட்டிப்போய்த் திரும்பிய அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல், "அதே மாதிரி கேள்விதான் வந்துச்சாம், சரியா போட்டுட்டா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நான் கைதட்டிக் குதித்தேன். அவளுக்கு இடமும் கிடைத்தது, ஹாஸ்டலுக்கும் போனாள். அந்த வீட்டில் நான் பழையபடி ஒற்றையானேன், அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம், "என்ன போட்ட அத்த?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அவ நெனச்சிருந்தா போயிருக்கலாம்னு போட்டேன்ளா" என்றாள். குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது. விடை தப்பாகியிருக்குமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது, பாவம். நான் வெளியே நின்றுகொண்டு, அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "சரியாத்தான் போட்டிருக்க அத்த, அழாத. சரியாத்தான் போட்டிருக்க."